பத்து ரூபாய் மனு: எதுவரை கைகொடுக்கும்

பத்து ரூபாய்க்கு ஒரு நீதிமன்ற வில்லை, ஒரு வெள்ளைத்தாள், தபால் செலவு. தகவல் பெறும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005 என்கிற சேவையை வாங்க இவ்வளவு போதும். பதிலுக்கு அரசு ஒப்புக்கொண்டிருப்பது, தன் கையில் இருக்கும் காகிதத்தின் நகலை 30 நாளில் கொடுப்பது. சட்டத்தின் முகப்புரையில் வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்று இரண்டும் எழுதியிருக்கிறது. முதலாவது ஓரளவு கிடைக்கும். இரண்டாவது பெட்டிக்குள் இல்லை. ஆர்டிஐ போட்டு ஏமாந்தவர்களில் பாதிப்பேர் இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள். மீதிப்பேர் ஏமாற்றப்பட்டவர்கள்.

1997-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் ஏகப்பட்டவை இருந்ததால் அது ஏட்டோடு நின்றது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 முதல் கிராமத்து மக்களைக் கூட்டி, கூலி ஆட்களின் பெயர் எழுதும் பஞ்சாயத்து மஸ்டர் ரோலைச் சத்தமாக வாசித்துக் காட்டியது. செத்தவர் பெயரில் கூலி எழுதியிருப்பதைக் கூட்டத்திலேயே ஆட்கள் எழுந்து சொன்னார்கள். அந்த அனுபவத்தில் பிறந்த சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், இந்தக் கருவி எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில்தான் இன்றும் நன்றாக ஓடுகிறது. குறிப்பிட்ட பதிவேடு, குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட கையெழுத்து ஆகியவற்றைக் கேட்டால் கிடைக்கும். பொதுவாக நியாயம் கேட்டால் கிடைக்காது.

சரக்கைப் பார்ப்போம். பிரிவு 2(எஃப்) தகவல் என்றால் என்ன என்று சொல்கிறது. பதிவேடு, ஆவணம், மெமோ, மின்னஞ்சல், உத்தரவு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி, கணினியில் இருக்கும் தரவு என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள். சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு முத்திரை குத்திவிட்டது: இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கருத்துச் சொல்லவோ, விளக்கம் கொடுக்கவோ பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல. 'எங்கள் தெரு சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது? யார் பொறுப்பு?' என்று எழுதினால், 'கேள்வி வடிவில் உள்ளது, 2(எஃப்)-ன் கீழ் தகவல் ஆகாது' என்று ஒற்றை வரியில் பதில் வரும். சட்டப்படி அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதே ஆத்திரத்தை இப்படி மாற்றி எழுத வேண்டும். சாலையின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நிதியாண்டு என்று தலையில் போட்டுவிட்டு, கீழே:

1. மேற்படி பணிக்கான தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீட்டின் சான்றிட்ட நகல்.
2. பணி ஆணை, ஒப்பந்த உடன்படிக்கை, அதில் குறைபாடு சரிசெய்யும் பொறுப்புக் காலம் குறித்த ஷரத்து ஆகியவற்றின் நகல்.
3. இப்பணிக்கான எம்-புக் (அளவுப் புத்தகம்) பக்கங்களின் நகல். அளவெடுத்தவர், சரிபார்த்தவர் கையொப்பமும் தேதியும் தெரியும்படி.
4. தரக் கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கைகளின் நகல்.
5. பட்டியல் தொகை வழங்கிய தேதி, தொகை, பிடித்தம் ஆகியவை காட்டும் பதிவின் நகல்.
6. பணி நிறைவுச் சான்றின் நகல்.

எம்-புக்தான் இதில் உயிர். உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து எழுதும் நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். 500 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் மேல் தளத்தின் அளவு 56.25 கன மீட்டர். களத்தில் கனம் 25 மில்லிமீட்டர்தான் இருந்தால் அது 46.9 ஆகிவிடும். ஆறில் ஒரு பங்கு சாலை காகிதத்தில் மட்டும் போடப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட பொறியாளர் வேண்டாம், எம்-புக்கின் ஒரு பக்கமும் ஸ்கேலும் போதும். ஆனால் பெயர்ந்த ஓரத்தில் அளந்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது, ஓரம் எப்போதும் மெலிந்துதான் இருக்கும். பிரிவு 2(ஜே) பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமையையும் தருகிறது. சாலையின் நடுவில், அலுவலர் முன்னிலையில், வெட்டி எடுத்து, சீல் வைத்து ஒரு பங்கைத் தரும்படி எழுதிக் கேட்கலாம். இந்த வசதியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அலுவலகங்கள் அதிகம் பதறுவதும் இதற்குத்தான்.

இரண்டாவது நல்ல பயன்பாடு, கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் மனுக்கள். பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ, மனு கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லை என்றால் குறைதீர் எண்ணுக்கு மறுபடி மறுபடி அழைப்பதைவிட ஆர்டிஐ வேகமாக வேலை செய்யும். தமிழக அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு உதவியாளரும் தன்பதிவேடு என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் அவர் மேசைக்கு வந்தது, என்ன செய்தார், எப்போது முடித்தார் என்று வரிசையாக அதில் பதிய வேண்டும். 'எனது இன்ன தேதியிட்ட மனு தொடர்பான தன்பதிவேட்டுப் பதிவின் நகல், மனு எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகளின் நகல், மனு மீதான குறிப்புக் கோப்பின் நகல்' என்று மூன்றே வரி எழுதினால் போதும். பல சமயம் நகல் வருவதற்கு முன்பே பட்டா வந்துவிடும். தகவல் கிடைக்காமல் காரியம் முடிந்துவிட்டதால் இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று யோசிக்கலாம்.

மேல்மட்டத்துத் தவறுகளைப் பிடிக்கவும் இதே குறிப்புக் கோப்புதான். அரசுக் கோப்பில் இரண்டு பாகம் உண்டு. கடிதங்கள் இருப்பது ஒன்று. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை யார் என்ன எழுதினார்கள் என்பது இன்னொன்று. முடிவெடுத்தது யார், ஆட்சேபித்தது யார், ஆட்சேபத்தைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டது யார் என்பது இரண்டாவதில்தான் தெரியும். 2006-ல் குறிப்புக் கோப்பைச் சட்டத்துக்கு வெளியே தள்ள மத்திய அமைச்சரவை ஒரு திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. குறிப்புக் கோப்பு அன்று தப்பிப் பிழைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2019-ல் தெரிந்தது. தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி எழுதிய ஆட்சேபங்களும், நிதி அமைச்சகம் அவற்றைத் தள்ளிய விதமும் ஆர்டிஐ வழியாக வந்த கோப்புகளில்தான் வெளிப்பட்டன. திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்தது. மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், ஐந்து நீதிபதிகள் வேண்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இனி வாங்கும் முறை. மாநில அரசு அலுவலகம் என்றால் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பலாம். ரயில்வே, தபால், தேசிய வங்கி, பாஸ்போர்ட் போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்கு வில்லை செல்லாது. அங்கே பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், அக்கவுன்ட்ஸ் ஆபிசர் பெயருக்கு எடுத்தது. மனுக்கள் திரும்பி வருவதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகல் இணைக்க வேண்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதாமல் தனி ஆளாக எழுதுவது நல்லது. சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு, அமைப்புகளுக்கு அல்ல என்று திருப்பி அனுப்ப ஒரு சாக்கு மிச்சம். அலுவலரின் பெயர் தெரிய வேண்டாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று அலுவலக முகவரிக்கு எழுதினால் செல்லும். தமிழில் எழுதலாம்.

மத்திய அரசின் ஆன்லைன் தளம் 2013 முதல் ஓடுகிறது. கட்டணத்தை அங்கேயே கட்டி, உடனே பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். மனு 3,000 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், நீண்டால் பிடிஎஃப் இணைக்கலாம். இதில் ஒரு பொறி: மாநில அரசு அலுவலகத்துக்கான மனுவை மத்தியத் தளத்தில் போட்டால் மனு திரும்பும், பணம் திரும்பாது. மாநிலத்துக்குத் தமிழக அரசின் தனித்தளம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் தபால்தான். பழையபடி பதிவுத் தபால் என்று கேட்டால் இப்போது கவுன்டரில் விழிப்பார்கள். 2025-ல் அது ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கையில் சேர்ந்ததற்கான சான்றைத் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல, அவர்கள் கையில் கிடைத்த தேதியிலிருந்து ஓடுகிறது. அந்தச் சான்று இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் முதல் பந்திலேயே அவுட்.

ஒரு மனு, ஒரு பொருள். மத்திய விதி 500 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறது. அந்தக் காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இருந்தாலும் சுருக்கம் உங்களுக்கே நல்லது. கேள்விகள் பெருகப் பெருக ஒன்றிரண்டுக்கு மட்டும் பதில் வந்து, மற்றவை 'இணைப்பைக் காண்க' என்று முடியும். இணைப்பு இருக்காது. காரணம் எழுத வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டது. சட்டத்துக்கு நேர் மாறு என்று சத்தம் எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அந்த வரிகளை நீக்கிக்கொண்டது. தவறு நேர்ந்தால் எப்படித் திருத்திக்கொள்வது என்பதற்கு அரசு அலுவலகங்கள் இதைப் பார்க்கலாம்.

சேவையின் தரம் தெரிவது பதில் வரும்போதுதான். ஒரே மாதிரி வாசகங்கள் எல்லா அலுவலகத்திலிருந்தும் வரும், யாரோ அச்சு வார்த்துக் கொடுத்ததுபோல.

'தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.' வேறு அலுவலகத்தில் இருப்பது தெரிந்தால் 6(3)-ன் கீழ் 5 நாளில் அங்கே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்குமே இல்லை என்கிறார்கள் என்றால், அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கச் சொல்லும் விதியின் நகலை மேல்முறையீட்டில் வையுங்கள்.

'கோப்பு காணப்படவில்லை.' தகவல் மறுக்க அனுமதிக்கும் காரணங்கள் பிரிவு 8, 9-ல் இருப்பவை மட்டுமே. காணாமல் போவது அதில் இல்லை. தேடிப் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அழித்துவிட்டோம் என்றால் அழிப்புப் பட்டியலையும் அதற்கு உத்தரவிட்டவரின் ஆணையையும் கேட்டு அடுத்த பத்து ரூபாய் மனு. காணாமல் போன கோப்புகள் இந்த மனுவுக்குப் பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்துவிடுவது உண்டு.

'தகவல் ஏராளமாக உள்ளதால் நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளவும்.' 7(9)-ஐக் காட்டி வரும் பதில் இது. அந்தப் பிரிவு எந்த வடிவில் கொடுப்பது என்பது பற்றியது, கொடுப்பதா வேண்டாமா என்பது பற்றியது அல்ல. ஆனால் இந்த அழைப்பை மறுக்காதீர்கள். மத்திய அலுவலகங்களில் முதல் மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். நகலில் எதைக் கேட்பது என்று தெரியாதபோது கோப்பை நேரில் புரட்டுவதுதான் உத்தமம். உடன் ஒருவரைக் கூட்டிச் செல்ல அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் பக்க எண் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போடாவிட்டால் போடச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வேண்டிய பக்கங்களின் எண்ணைக் குறித்துக் கொடுத்து, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கலாம். மொபைலில் படம் எடுக்கலாமா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் தகராறு.

'கூடுதல் கட்டணம் இவ்வளவு செலுத்தவும்.' இது நியாயமாகவும் வரும், தந்திரமாகவும் வரும். 7(3)-ன்படி கணக்கைக் காட்ட வேண்டும்: எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு. கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கடிகாரம் நிற்கும். அதனால் இதைத் தள்ளிப்போடுவது உங்களுக்குத்தான் நஷ்டம். கடிதமே 30 நாளைத் தாண்டி வந்திருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். காலம் கடந்தால் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6). இந்த ஒரு பிரிவு தெரியாமல் பணம் கட்டுபவர்கள் ஏராளம்.

பாதி மறைக்க வேண்டிய ஆவணத்தை முழுசாக மறுப்பது இன்னொரு வழக்கம். பிரிவு 10 மறைக்க வேண்டிய வரியைக் கறுப்படித்து மீதியைத் தரச் சொல்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிட்டால் பெரும்பாலும் எடுபடும்.

முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரியிடம் போகிறது. பதில் கிடைத்த அல்லது கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் இல்லை. தன் அலுவலரைத் தானே குற்றம் சொல்ல மேலதிகாரிக்கு என்ன தலையெழுத்து என்று கேட்கலாம். ஆனாலும் இதை ஏனோதானோவென்று எழுதக் கூடாது. இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையம் பின்னால் பார்க்கப்போவது இந்தக் காகிதத்தைத்தான். எந்தக் கேள்வி எண்ணுக்கு என்ன பதில் வந்தது, அது எந்தப் பிரிவுக்கு முரண், என்ன வேண்டும் என்று வரிசையாக இருக்க வேண்டும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை 19(5)-ன்படி அலுவலர் மீதுதான் என்று ஒரு வரி சேருங்கள். புதுக் கேள்வி எதையும் மேல்முறையீட்டில் நுழைக்காதீர்கள். அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள்.

தேதிகளை முதல் நாளே குறித்துவிடுவது நல்லது. மனு அலுவலகத்துக்குக் கிடைத்தது ஜூன் 1 என்றால் பதிலுக்குக் கெடு ஜூலை 1. பதிலே வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஜூலை 31. ஜூலை 10-ல் அது அவர்களுக்குக் கிடைத்தால் ஆகஸ்ட் 9-க்குள் உத்தரவு வர வேண்டும். காரணம் எழுதி 45 நாள் வரை, அதாவது ஆகஸ்ட் 24 வரை இழுக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் ஆகஸ்ட் 9-லிருந்து 90 நாள், நவம்பர் 7-க்குள் இரண்டாம் மேல்முறையீடு. மனு, பதில், முதல் மேல்முறையீடு, உத்தரவு, தபால் சான்றுகள் எல்லாவற்றிலும் கையொப்பமிட்டு, பக்க எண் போட்டு, முன்னால் பொருளடக்கம் வையுங்கள். பொருளடக்கம் இல்லை என்று திரும்பி வரும் இரண்டாம் மேல்முறையீடுகள் உண்டு, சிரிக்காதீர்கள்.

இதுவரை சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். மோசமான கட்டம் தகவல் ஆணையம். இங்கே வந்தவர் வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசை பல மாநிலங்களில் வருடத்தைத் தாண்டும். 2024-ல் நாடு முழுக்க ஆணையங்களில் தேங்கியிருந்த மேல்முறையீடுகளும் புகார்களும் 4 லட்சத்துக்கு மேல் என்று சதர்க் நாகரிக் சங்கதன் என்ற அமைப்பின் ஆய்வு சொன்னது. ஆணையர் பதவிகளைக் காலியாகவே விட்டுவைப்பது அரசுகளின் கையில் இருக்கும் எளிய ஆயுதம். யாரும் எதையும் மறுக்க வேண்டியதில்லை, நாற்காலி காலியாக இருந்தால் போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே விதி போட்டுத் தீர்மானிக்கிறது. சட்டத்தில் ஐந்து வருடமாக இருந்தது மூன்றாகியிருக்கிறது. தன் சம்பளத்தைத் தீர்மானிப்பவரின் கோப்பைத் திறக்கச் சொல்லி உத்தரவு போடும் வேலை இது.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம், அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. பிரிவு 20-ல் இருக்கும் இந்த வரிதான் முழுச் சேவைக்கும் உத்தரவாத அட்டை. விதித்திருக்க வேண்டிய வழக்குகளில் பெரும்பாலானவற்றில் ஆணையங்கள் அதை விதிப்பதில்லை என்று அதே அமைப்பின் ஆய்வுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 'இனி கவனமாக இருக்கவும்' என்று அறிவுரையோடு முடித்துவிடுகிறார்கள். அபராதம் வராது என்று தெரிந்த அலுவலருக்கு 30 நாளும் ஒன்றுதான் 300 நாளும் ஒன்றுதான். உங்கள் மேல்முறையீட்டில் அபராதத்தையும், செலவு ஏற்பட்டிருந்தால் 19(8)(பி)-யின் கீழ் இழப்பீட்டையும் தனித்தனி வேண்டுகோளாக எழுதிக் கேளுங்கள். கேட்காதவருக்கு ஆணையம் தானாக முன்வந்து கொடுப்பது அபூர்வம்.

இங்கே இன்னொரு பள்ளம் உண்டு. ஆணையத்துக்குப் போக இரண்டு வாசல்: பிரிவு 18 புகார், பிரிவு 19 மேல்முறையீடு. முதல் மேல்முறையீடு வேண்டாமே என்று சுருக்குவழியாக 18-ல் போகிறவர்கள் உண்டு. புகாரில் ஆணையம் அபராதம் போடலாம், தகவல் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011 டிசம்பரில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதம் வேண்டும் என்றால் 19 மட்டுமே வழி.

அண்மையில் பெட்டியின் உள்ளிருப்பையும் குறைத்துவிட்டார்கள், விலையை மாற்றாமல். பிரிவு 8(1)(ஜே) முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தைத் தேவையின்றிக் குலைக்கும் தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்ற அளவில் சுருக்கியது. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. எம்-புக்கில் இருக்கும் பொறியாளரின் பெயரும் தனிப்பட்ட தகவல் என்று யாராவது எழுதினால் இனி ஆச்சரியப்பட வேண்டாம். எதிர்கொள்ள இரண்டு வழி. பெயருக்குப் பதில் பதவியைக் கேளுங்கள். இன்ன தேதியில் இன்ன பதவியில் யார் இருந்தார் என்பதை வேறு வழியில் கண்டுபிடிக்கலாம். பயனாளிகள் பட்டியல், சலுகை, உரிமம் பெற்றவர்கள் விவரம், அலுவலர்களின் மாத ஊதியம் ஆகியவை பிரிவு 4(1)(பி)-யின்படி கேட்காமலேயே வெளியிட வேண்டியவை, அந்தப் பிரிவைச் சுட்டியே கேளுங்கள். 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்களிக்கப்பட்டதையும் தரலாம். காரணம் எழுத வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இந்த இடம் மட்டும் விதிவிலக்கு. பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுவது இப்போது புத்திசாலித்தனம்.

இந்தச் சேவை எட்டாத இடங்களும் உண்டு. ஆறு தேசியக் கட்சிகள் சட்டத்துக்குள் வரும் என்று மத்திய தகவல் ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டது; எந்தக் கட்சியும் அதை மதிக்கவில்லை. சட்டத்தை இயற்றியவர்களே அதன் உத்தரவைத் தூக்கிப்போட்ட கதை அது. பிஎம் கேர்ஸ் நிதி பொது அதிகார அமைப்பு அல்ல, அதனால் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பிரதமர் அலுவலகம் 2020-லேயே பதில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கு 2008-ல் அரசாணை மூலம் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று பிரிவு 24(4)-லேயே இருக்கிறது. மனுவில் அந்த வாசகத்தைக் குறிப்பிடாமல் அனுப்பினால் ஒற்றை வரி மறுப்பு நிச்சயம்.

மணல், நிலம், டெண்டர் பற்றிக் கேட்பவர்கள் முகவரியைப் பற்றி யோசிக்க வேண்டும். நில மோசடிகளை ஆர்டிஐ வழியாகத் தோண்டிய சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே தளேகாவில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனுவில் வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்னதை மத்திய அரசு மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. கிடைத்த ஆவணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஆபத்து. அன்றே ஸ்கேன் செய்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் உங்களை மிரட்டிப் பயனில்லை என்றாகிவிடும்.

காகிதம் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிஐ அங்கே நிற்கிறது, நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அடுத்த வேலை அந்தக் காகிதத்தைச் சரியான கதவுக்கு எடுத்துப் போவது. உள்ளாட்சிப் பணி என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு ஒரு நகலும், கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பதிவும். பெரிய தொகை என்றால் மாநிலக் கணக்காயருக்கு, தணிக்கையின்போது பார்க்கும்படி. லஞ்சம் இருப்பதாகத் தெரிந்தால் ஊழல் தடுப்பு இயக்ககம். அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், அதிகாரிகள் மீது 2018 சட்டப்படி அமைந்த லோக் ஆயுக்தாவிலும் புகார் கொடுக்கலாம். அலுவலக முடிவு சார்ந்த ஊழலை விசாரிக்க, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 17ஏ-யின்படி அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்டுப் போன கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டு இன்னொரு பத்து ரூபாய் மனு போடலாம், தாராளமாக.

ஆணையமும் கைவிட்டால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. அரசியல் சாசனத்தின் 226-ம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். பத்து ரூபாய் சேவை அந்த வாசலில் முடிந்து வக்கீல் கட்டணம் ஆரம்பிக்கிறது. அதுவரை வந்தவர் கையில் தபால் சான்றும் பக்க எண்ணும் ஒழுங்காக இருந்தால், வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.